எங்க மூலைக் கம்பத்து ஸ்பீக்கர்

என் பொண்ணு பொன்னேரிக்கு பஸ் ஏறிப் போயி காலேஜ் படிச்சிக்கினு இருந்தவ. ஒரு ஜுரம் வந்துச்சு. ஜுரம் போச்சு, அசதி மட்டும் போகவே இல்ல. மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரியில, நாள்பட்ட சோர்வு நோய்னு பேர் சொன்னாங்க. இப்போ இருட்டு ரூம்ல படுத்தே கெடக்கறா. வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. சோறு நான்தான் ஊட்டறேன்.

குப்பத்துல ஆளுக்கொரு வைத்தியம். கல்யாணம் பண்ணி வைன்னாங்க. எங்க வீட்டுக்காரரோட அண்ணன்தான் ஊர்த் தலைவர். உப்புக் காத்து பட்டா எல்லாம் சரியாயிடும்னு, நான் மீன் விக்கப் போயிருந்த நேரம் பாத்து அவளைக் கடற்கரைக்கு நடத்திக் கூட்டினு போயிட்டாரு. பாசத்துலதான் செஞ்சாரு. மறுநாள் அவளால டம்ளர் தூக்க முடியல. அதுலேர்ந்து எழுந்து உக்காரவே இல்ல. எனக்கு வயிறு எரிஞ்சுது, இன்னும் எரியுது.

இந்த ஆடியில கூழ் ஊத்தறதுக்கு, வழக்கம்போல எங்க வீட்டு மூலைக் கம்பத்துல ஸ்பீக்கர் கட்டினாங்க. அதுதான் உசரமான கம்பம், ஊர் முழுக்கக் கேக்கும். முதல் பாட்டுக்கே அவ காதைப் பொத்திக்கினு சுருண்டுட்டா. நான் போயி ஒயரைப் பிடுங்கிப் போட்டேன்.

அம்மன் காரியத்துல கை வெச்சுட்டேன்னு, எங்க தெருமுனைக் கோயில்ல ஊர் கூடிச்சு. அவளே வந்து நின்னு முடியலன்னு சொன்னா நம்பறோம்னாங்க. வர மாட்டான்னு சொன்னேன். ஒரு சோம்பேறிக்கு இவ்ளோ பரிஞ்சிக்கினு வரியான்னு தலைவர் கேட்டாரு பாருங்க, எனக்கு வந்துச்சே கோவம், தெரு முழுக்கக் கேக்கக் கத்தினேன்.

"மீன்பிடித் தடைக்காலத்துல காசிமேட்டுப் பெரிய படகெல்லாம் ரெண்டு மாசம் சும்மா கட்டிக் கெடக்குதே மாமா, அதையெல்லாம் யாராவது சோம்பேறின்னாங்களா? மீன் முட்டை போடற நேரத்துல வாரினா அப்புறம் கடல்ல ஒண்ணும் மிஞ்சாதுன்னுதானே விடறாங்க? என் பொண்ணுகிட்ட இருக்கறதே கொஞ்சம். அதை யாரும் வார நான் விட மாட்டேன்."

இவளோட தடைக்காலம் எப்போ முடியும்னு ஒருத்தர் கேட்டாரு. கடலுக்குத் தேதி போடறாங்க, இவளுக்கு யாரும் போடலன்னேன்.

தலைவர் எழுந்து எங்க மூலைக்கு நடந்தாரு. அவரே கம்பத்துல ஏறி ஸ்பீக்கரை அவுத்தாரு. கோயில் மரத்துல, கடலைப் பாக்கத் திருப்பிக் கட்டினாங்க.

ஜெயிச்ச தெம்புல வீட்டுக்குள்ள வந்தேன். இருட்டுல அவ உதடு அசைஞ்சுது. கிட்ட போயி காதை வெச்சேன்.

"ஸ்பீக்கரே தேவலாம்மா. நீ கத்தினதுதான் தாங்கல."

அவ கிண்டல் பண்ணி எத்தினி மாசமாச்சு. முந்தானையை வாயில அமுக்கிக்கினு சிரிச்சேன், அழுதேன். இப்பல்லாம் அவளைப் பத்தி யாராவது வாயைத் தொறந்தா, அவங்களை, அவ காதுக்கு எட்டாத ஏரிக்கரைக்குக் கூட்டினு போயி அங்க வெச்சுத்தான் கத்தறேன். நிறுத்தறதா இல்ல.