ஃப்ளெக்ஸ் பேனரில் என் தலை

ஃபுட்பால் சீசன் முடிந்து ஊருக்கு லீவில் வந்திருக்கிறேன். அதற்கு வடக்கனந்தல் பஸ் ஸ்டாப்பில் சித்தப்பா பேனர் வைக்கிறாராம். டிசைன் பார்க்க இன்று கள்ளக்குறிச்சி ஃப்ளெக்ஸ் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"எத்தினி கோல் போட்டீங்க? பெருசா எழுதிடலாம்" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணும் போடலைங்க. நான் டிஃபெண்டர். எதிர் டீம் கோல் போடாம தடுக்கறதுதான் என் வேலை."

அவர் சித்தப்பாவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மாசா மாசம் சம்பளம் குடுக்கறாங்க தம்பி" என்று சித்தப்பா எனக்காக வாதாடினார்.

கடைக்காரர் என் மேட்ச் போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இன்னாங்க, எல்லாத்துலயும் கீழ வுழுந்துகினே இருக்கீங்க?"

"வுழலைங்க. சறுக்கிப் போயி பந்தைத் தட்டி விடறேன்."

"சரிங்க, நீங்க டீ குடிச்சிட்டு வாங்க."

திரும்பி வந்தால், திரையில் நான் கம்பீரமாகப் பந்தை உதைக்கிறேன். ஆனால் அந்த ஆரஞ்சு ஷூ என்னுடையது இல்லை. அதே போட்டோவில் இருந்த எதிர் டீம் ஃபார்வர்டு பெண்ணின் உடம்பில் என் தலையை ஒட்டி, ஜெர்சிக்கு எங்கள் கலரை அடித்திருக்கிறார்!

"கீழ கெடந்த உங்கள அழிச்சிட்டேங்க. இப்ப சூப்பரா இருக்குல்ல?"

சித்தப்பா உடனே பிரிண்ட் போடச் சொல்லிவிட்டார்.

மேட்ச் முழுக்க அந்தப் பெண்ணை ஒரு கோல்கூடப் போட விடாமல் மறித்தவள் நான். இப்போது என் ஊரில், என் தலையை வைத்துக்கொண்டே போட்டுவிட்டாள்.

இந்தக் கோல் செல்லாதுன்னு ஆஃப்சைடு கொடி தூக்க யாராவது இருக்கீங்களா?