உள்ளே ஒரு தாழ்ப்பாள்

அந்த அலுவலகக் கட்டடத்தில் சாவியண்ணனைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே அவ்வப்போதுதான் ஞாபகம் வரும். இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து கலகலவென்று சத்தம் போட அவர் இறங்கி வரும்போதே, மாடிப்படியில் அரட்டை அடிப்பவர்கள் கலைந்துவிடுவார்கள். பத்திர அறை, மின்மீட்டர் அறை, மொட்டைமாடி, தண்ணீர்த்தொட்டியின் மூடி என்று எல்லாவற்றுக்கும் சாவி அவரிடம். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பதை விரலால் தடவியே சொல்லிவிடுவார். வேலைக்கு வந்த நாள் முதல் அவருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: உள்ளே இருப்பது வெளியே போகக்கூடாது. ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பியதும் கதவைச் சாத்தி, நாதாங்கியை மாட்டி, பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அதில் அவரைக் குறை சொல்ல இனிமேல்தான் ஒருவர் பிறந்து வரவேண்டும்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் கொண்டுபோய் அந்த அறையைக் கொடுத்தார்கள்.

தரைத்தளத்தில், பிறப்புச் சான்றிதழ் கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரே, உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த அறை அது. மேலிடத்து உத்தரவு வந்ததும் நாற்காலிகள் வெளியேறின. சுவருக்கு வெள்ளை அடித்து, கதவில் ‘பாலூட்டும் அறை’ என்று பலகை மாட்டினார்கள். மேலாளர் சாவியண்ணனைக் கூப்பிட்டார்.

“சாவியண்ணே, இது இனிமே உங்க பொறுப்பு. யாராவது பெரியவங்க திடீர்னு வந்து பாத்தா பளிச்சுனு இருக்கணும்.”

“சரிங்க சார். ஆனா இது... நான் ஆம்பளை...”

“நீங்க உள்ள போய் உக்காரவா போறீங்க? பாத்துக்குங்கன்னுதானே சொல்றேன்!”

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மேலாளர் சொல்லவில்லை. மேலாளருக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு!

சாவியண்ணனுக்கு அந்த அறை பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்? மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் பேருந்து நிலையத்தில் பசியில் வீறிட்டாள். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து அவளை அமர்த்த, இவர் தோள் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு மறைப்பாக நின்றார். வேடிக்கை பார்த்த ஒருவனை முறைத்தே விரட்டினார். அன்றைக்கு இப்படி ஓர் அறை இருந்திருந்தால் என்று இப்போது நினைத்துக்கொண்டார். ஆட்டம் காணாத ஒரு சாய்வு நாற்காலியைத் தேடிப்பிடித்துப் போட்டார். ஜன்னலுக்குத் திரை தைக்கக் கொடுத்தார். துப்புரவுக்கார அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடித் தரையைத் தேய்க்க வைத்தார். அறை கண்ணாடி மாதிரி ஆனது. பிறகு கதவைச் சாத்தி, நாதாங்கியை மாட்டி, புத்தம்புதுப் பூட்டு ஒன்றைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு மேலே போனார்.

ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

சாவியண்ணனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குழந்தையும் கையுமாக வருகிறவர்களுக்கா பஞ்சம்? பிறப்புச் சான்றிதழ் வாங்க வேறு யார் வருவார்கள்? வருகிறார்கள், பலகையைப் பார்க்கிறார்கள், பூட்டைப் பார்க்கிறார்கள், பேசாமல் மாடிப்படிக்கு அடியில் அந்த இருட்டில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்றால் சரி, கழுத்தில் அலுவலக அட்டை தொங்குகிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள். சாவி கேட்டால் இவர் என்ன கடித்தா தின்றுவிடப்போகிறார்?

ஒருநாள் துணிந்து உதவி செய்யப் போனார். படிக்கு அடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் அறை இருக்கும் விஷயத்தைச் சொல்லவேண்டும். எந்த வாயால் சொல்வது? பலகையில் இருந்த அந்தச் சொல்லை அவர் இதுவரை உதட்டில் கொண்டுவந்ததே இல்லை. தள்ளி நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு இருமினார். அந்தப் பெண் திடுக்கிட்டு இன்னும் சுருண்டாள். அறை இருந்த பக்கம் மோவாயை நீட்டிக் காட்டினார். பாவம், கட்டடத்தின் வாசலும் அந்தப் பக்கம்தான் இருந்தது.

“போயிடறேங்க, இதோ போயிடறேன்,” என்று குழந்தையை வாரியெடுத்துக்கொண்டு அவள் ஓடியே போய்விட்டாள்.

சாவியண்ணன் திருதிருவென்று விழித்தார். நல்லது செய்யப் போன தான் ஏன் திருடனைப் போல நிற்கிறோம் என்று அவருக்கு விளங்கவில்லை.

சரி, பூட்டுதான் வம்பு என்று மறுநாள் அறையைத் திறந்துபோட்டார். மதியம் வந்து பார்த்தால், மேல்மாடி எழுத்தர் ஒருவர் சாய்வு நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் தரையில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, “நல்ல காத்தோட்டம் சாவியண்ணே!” என்று பாராட்டினார். இரண்டு பேரையும் கிளப்பி விரட்டிவிட்டுப் பழையபடி பூட்டினார். பூட்டினால் யாரும் வருவதில்லை, திறந்தால் வரக்கூடாதவர்கள் வருகிறார்கள். மனிதர் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

வீட்டில் மனைவியிடம் புலம்பினார். “நானும் என்னென்னமோ பண்ணிப் பாக்கறேன். அந்த ரூமுக்கு யாருமே வர மாட்டேங்கறாங்க.”

“எந்த ரூமு?”

“அதான்... புதுசா என் பொறுப்புல விட்டாங்களே, அது.”

ஏதோ பழைய சாமான் போடுகிற அறை போலிருக்கிறது, அதற்கு யார் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று மனைவி திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

“அந்த ரூமை யாருமே கேக்கல போலிருக்கே அண்ணே. நகல் எடுக்கற மிஷின் வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது. அடுத்த வாரம் அதை உள்ள தள்ளிடுவோம். பலகையைக் கழட்டிடுங்க.”

“கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாமே சார்...”

“எதுக்கு? வேணுங்கறவங்க இருந்தா வந்திருக்க மாட்டாங்களா?”

சாவியண்ணன் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் அதுதானே! ஆனால் அந்த அறையை மிஷினுக்கு விட்டுவிடக்கூடாது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

இதற்கிடையில் அவர் மகள் தன் குழந்தையின் சான்றிதழுக்காக வந்தாள். “வரிசையில நில்லும்மா, தொட்டியைத் திறந்துவிட்டுட்டு வந்துடறேன்,” என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போனவர், திரும்பி வந்து பார்த்தால் வரிசையில் மகளைக் காணோம். தேடிக்கொண்டு போனார். மாடிப்படிக்கு அடியில் முதுகைக் காட்டி யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த பை, காலையில் அவரே தோளில் சுமந்து வந்த பை.

“இங்க ஏம்மா உக்காந்திருக்கே, இந்த இருட்டுல?”

“பையன் பசியில கத்த ஆரம்பிச்சிட்டாம்ப்பா.”

“அதான் அங்க ரூம் இருக்கே!”

“பூட்டியிருக்கு.”

“சாவி என்கிட்டதானே இருக்கு? யாரைக் கேட்டாலும் சாவியண்ணன்னு சொல்லியிருப்பாங்களே!”

“சொன்னாங்க.” மகள் மேல்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். “அழற பிள்ளையைத் தூக்கிக்கிட்டு மாடி மாடியா ஏறி, ஒரு ஆம்பளையைத் தேடிப் பிடிச்சு, பால் கொடுக்கணும் சாவி கொடுங்கன்னு கேக்கணுமா? பெத்த அப்பா, உங்ககிட்டயே எனக்குக் கேக்க வாய் வரல. மத்தவங்க எப்படிப்பா கேப்பாங்க?”

சாவியண்ணன் முன்னால் போய்ப் பூட்டைத் திறந்தார். மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய கையோடு மறுபடி திறந்து தலையை நீட்டினாள்.

“அப்பா, உள்ள தாழ்ப்பாளே இல்லையே.”

அந்தக் கதவின் உட்பக்கத்தை அவர் அன்றுதான் கவனித்துப் பார்த்தார். வழவழவென்று வெறும் பலகை. உடைந்த நாற்காலிக்கு எதற்குத் தாழ்ப்பாள்? எத்தனையோ கதவுகளை வெளியே நின்று இழுத்துப் பார்த்தவருக்கு, உள்ளே ஒரு மனுஷி இருந்துகொண்டு கதவைப் பார்த்துப் பயப்படுவாள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் ஓடியது ஞாபகம் வந்து இன்னும் வெட்கமாக இருந்தது.

“சாத்திக்கிட்டு உக்காரும்மா. நான் நிக்கறேன்,” என்று சொல்லி, கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கை தானாகத் தோள் துண்டுக்குப் போனது.

அன்று சாயங்காலமே நாதாங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, உட்பக்கம் நல்ல கனமான தாழ்ப்பாள் ஒன்றைப் பொருத்தினார். துப்புரவுக்கார அக்காவின் முக்காலியைக் கதவுக்கு எதிரே போட்டார். மறுநாள் மதியம் தூங்க வந்த எழுத்தரை அக்கா துடைப்பத்தோடு வரவேற்றாள். அதோடு அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அடுத்த வாரம், சொன்னபடி மேலாளர் வந்தார். பின்னால் இரண்டு பேர் மிஷினை உருட்டிக்கொண்டு வந்தார்கள். மேலாளர் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை.

“பலகையை இன்னும் கழட்டலையா? சாவி எங்க?”

சாவியண்ணனின் கை பழக்கதோஷத்தில் இடுப்புக்குப் போய்த் திரும்பி வந்தது.

“இதுக்குச் சாவி இல்லீங்க சார்.”

“சாவி இல்லாம யாரு பூட்டினது?”

“தெரியலீங்க. உள்ள இருக்கறவங்க.”

அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு குழந்தை நீளமாக ஏப்பம் விட்டது. மேலாளர் கதவையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சட்டென்று பின்வாங்கினார். உருட்டி வந்தவர்கள் வந்த வழியே திருப்பி உருட்டினார்கள்.

கதவை ஒருதரம் இழுத்துப் பார்க்கச் சாவியண்ணனின் கை துறுதுறுத்தது. இழுக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் அவரால் திறக்க முடியாத கதவு அது ஒன்றுதான். அதற்கு ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறோம் என்பதும் அவருக்குப் பிடிபடவில்லை.