முதுகு மூடாத பிள்ளைகளின் பிலோமினா டாக்டர்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் ஒரு பச்சைக் குழந்தையின் முதுகுக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். செவிலியர் அருகில் வந்து, "சார், பிலோமினா டாக்டர் போயிட்டாங்களாம். தூக்கத்துலயே" என்றார். அந்தக் குழந்தையின் தாயிடம் பேச அன்று பிற்பகல் வருவதாக பிலோமினா முந்தைய நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேராசிரியர் பிலோமினா தூத்துக்குடிக்காரர். மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் நடத்தியவர். கருவில் மனித உடல் உருவாகும் விதம் அவருடைய தனிப்பாடம். வைத்தியம் பார்க்கிற துறை அல்ல அது. ஆனாலும் வகுப்பு முடிந்ததும் என் புறநோயாளிப் பிரிவுக்கு வந்து, ஓரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பிறவிக் குறையுள்ள பிள்ளைகளின் தாய்மாரோடு பேசிக்கொண்டிருப்பார். "நான் கண்ணாடிக் குப்பியில பாக்கிறதை நீங்க மடியில வச்சிருக்கிய. எனக்குத் தெரிஞ்சதை உங்ககிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்ல?" என்பார்.

கருவின் தண்டுவடம் முதலில் ஒரு தட்டையான தகடுதான். இரண்டு ஓரங்களும் எழும்பிச் சேர்ந்து குழாயாக மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் போனால் பிள்ளை திறந்த முதுகோடு பிறக்கும். "நாள் தள்ளிப்போச்சேன்னு ஒரு பொண்ணு யோசிக்கதுக்குள்ள உள்ள எல்லாம் முடிஞ்சிருது. நாம எல்லாரும் பிந்தித்தான் வாரோம், டாக்டர்" என்று என்னிடம் சொல்வார். கல்யாண மண்டப வாசலில் மணமகள் பெயரைப் படித்தால்கூட, "இந்தப் பிள்ளைக்கு யாராவது ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுத்திருப்பாங்களா?" என்று கேட்பார். கர்ப்பத்துக்கு முன்பே சாப்பிட்டால் முதுகு மூடாமல் போகும் அபாயத்தைக் குறைக்கும் மாத்திரை அது. பெரும்பாலும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஆலந்தலை என்ற கடற்கரை ஊரிலிருந்து ரூபி என்ற இளம்பெண் தன் முதல் குழந்தையோடு வந்தார். பெண் குழந்தை, ஸ்டெல்லா. இடுப்புக்கு மேலே முதுகு திறந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்து மூடினோம். கால்களில் அசைவு குறைவாகவே இருந்தது. ரூபியின் மாமியார் அந்தோணியம்மாள் வார்டில் எல்லோரும் கேட்கவே சொன்னார்: "கிரகணத்தன்னைக்கு மீன் அறுக்காதன்னு சொன்னேன், டாக்டரம்மா. கேட்டாளா? இப்பம் பிள்ளை முதுகு பிளந்துல்ல வந்திருக்கு."

ரூபி தலையே நிமிரவில்லை. பிலோமினாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. "அவ மேல பழி போடாதீங்க. மீன் அறுத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அவ சாப்பிடுத வலிப்பு மாத்திரை காரணமா இருக்கலாம்" என்றார்.

அந்த நேரம் குழந்தை அழுதது. அந்தோணியம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அதைக் கவனிக்காமல் பிலோமினா ரூபியிடம் தொடர்ந்தார்: "ஏளா, நீயா மாத்திரையை நிறுத்திராத, உயிருக்கே ஆபத்து. அடுத்த பிள்ளைக்கு முன்னால வேற மாத்திரைக்கு மாத்திக்கிடலாம். நரம்பு டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

வீடு திரும்பிக் கொஞ்ச நாளில் ரூபியை வேனில் கொண்டுவந்தார்கள். வலிப்பு நிற்கவே இல்லை. எவ்வளவோ பார்த்தோம், காப்பாற்ற முடியவில்லை.

செய்தி கேட்டு பிலோமினா ஓடிவந்தபோது, அந்தோணியம்மாள் பேத்தியை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார். "மாத்திரைதான் காரணம்னு நீங்கதான சொன்னிய? பால் வழியா பிள்ளைக்கும் போயிருமேன்னு கடல்ல எறிஞ்சேன். அவ வேண்டாம் அத்தைன்னுதான் சொன்னா."

அவர்கள் போன பிறகு பிலோமினா என்னிடம் சொன்னார்: "நான் உண்மையைத்தான் சொன்னேன். அதான் பயமா இருக்கு, டாக்டர்."

அதன்பின் அவர் பேசும் விதமே மாறிவிட்டது. கணவன், மாமியார் எல்லோரையும் உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்துவார். எதை நிறுத்தக் கூடாது என்பதை முதலில் சொல்வார். ஒவ்வொருவரும் திருப்பிச் சொன்ன பிறகே காரணத்துக்கு வருவார். காரணமே தெரியாத குழந்தைகளும் பலர். அதையும் மறைக்க மாட்டார்.

ஸ்டெல்லாவுக்குச் சிறுநீர் தானாகப் பிரியாது. மெல்லிய குழாய் விட்டு எடுப்பதற்கு அந்தோணியம்மாளின் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தவர் பிலோமினாதான். மாதந்தோறும் அவர்கள் வந்தார்கள். பிள்ளையின் உடம்பைத் தவிர வேறு பேச்சு அவர்களுக்குள் இருந்ததில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று ஒருமுறை சொன்னேன். "கேட்டா அந்தம்மாதான் எனக்கு ஆறுதல் சொல்லணும். அந்தப் பாரத்தையும் ஏன் அவங்க மேல வைக்கணும்?" என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் பிலோமினாவின் அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் அந்தோணியம்மாள் நின்றிருந்தார். காலில் இரும்புப் பட்டையோடு ஸ்டெல்லா சற்றுத் தள்ளி மதிலில் சாய்ந்திருந்தாள். அந்தோணியம்மாள் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: "இவ வளந்து, கலியாணம்னு ஆனா, இவ வயித்துப் பிள்ளைக்கும் இப்படி வருமா சார்? டாக்டரம்மாட்ட கேக்கணும்னே இருந்தேன். வாய் வரல."

"வர வாய்ப்பு உண்டும்மா" என்று தொடங்கினேன். அவர் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"ஏளா, இங்கன வா. சார் சொல்லுததை நீயும் கேளு. முழுசாக் கேளு."

அவள் மணலில் மெல்ல நடந்து வரும்வரை காத்திருந்தேன். கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய மாத்திரையையும், அது அபாயத்தைக் குறைக்குமே தவிர முற்றிலும் நீக்காது என்பதையும் சொன்னேன். கடற்காற்று பலமாக அடித்ததால் உரக்கவே சொன்னேன். இருவரும் திருப்பிச் சொன்னார்கள். அந்தோணியம்மாளின் முகத்தில் பயம் போகவில்லை.

போய் வாருங்கள், பிலோமினா டாக்டர். உண்மையைச் சொல்லும்போது உங்களுக்கு இருந்த அந்தப் பயம் இனி எங்களிடம் இருக்கும்.