குன்வோரின் சிவப்பும் பச்சையும்

லில்லோ தீவில் ஆகஸ்ட் மாதம் குன்வோரிடம் பெட்ரோல் போடப் போவது பல் டாக்டரிடம் போவது மாதிரி. போகாமல் இருக்க முடியாது. போனால் திறந்து காட்டாமல் திரும்பவும் முடியாது. பெட்ரோல் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, "விளக்கப் போடு, பாக்கலாம்" என்பாள். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. மூன்றும் எரிந்தால்தான் குழாய் படகுக்குள் இறங்கும். அந்த அதிகாரத்தை எந்தச் சட்டமும் அவளுக்குக் கொடுக்கவில்லை. படகுத்துறையில் பெட்ரோலும் ஐஸ்கிரீமும் விற்கிறவளுக்கு யார் கொடுக்கப் போகிறார்கள்? அவளாகவே எடுத்துக்கொண்டாள். அடுத்த பெட்ரோல் துறை வெகுதூரத்தில் இருந்ததால் ஊரும் முணுமுணுத்துக்கொண்டே கட்டுப்பட்டது.

எங்கள் பக்கத்துக் கோடை மனிதர்களைக் கெடுத்து வைத்திருக்கிறது. இந்த வடகோடியில் ஜூனில் இருட்டே வராது; நடு இரவிலும் வாசலில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கலாம். படகில் விளக்கு இருக்கிறது என்பதே மறந்துவிடும். அது உப்புக் காற்றில் கிடந்து துருப்பிடிக்கும். ஆகஸ்டில் இருட்டு திரும்பி வரும்போது, அப்படி ஒன்று உண்டு என்பதே தெரியாதவர்கள் போல எல்லோரும் விழிப்பார்கள். குன்வோரின் கணவன் ராக்னர் அப்படித்தான் ஓர் ஆகஸ்டில் விளக்கில்லாமல் துடுப்புப் படகில் வலை போடப் போனான். வேகமாக வந்த மோட்டார் படகு ஒன்று அவன் படகை இரண்டாகப் பிளந்துவிட்டது. ஆளை உயிரோடு எடுத்தார்கள். இடது காது மட்டும் கேட்காமல் போயிற்று. செய்தி கேட்டு ஓட எழுந்த குன்வோரின் கண்ணில் முதலில் பட்டது சமையலறை மேசைமேல் இருந்த அவனுடைய கைவிளக்கு. அன்றிலிருந்துதான் அவளுக்கு இந்தப் பிடிவாதம்.

ஆகஸ்டின் கடைசிச் சனிக்கிழமை எங்கள் விளக்கு விழா. கரையெல்லாம் தீ மூட்டுவோம், படகுகளில் வண்ணக் காகித விளக்குகளைத் தொங்கவிடுவோம். வருடா வருடம் பரிசு வாங்குவது டோர்ஸ்டன்தான். மர அறுவை ஆலைக்காரன், தீவிலேயே பெரிய படகு அவனுடையது. அந்த வருடம் பட்டணத்திலிருந்து விருந்தாளிகளையும் ஏற்றிக்கொண்டு, படகைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாகத் தோரணம் கட்டிக்கொண்டு, பெட்ரோலுக்கு வந்து நின்றான்.

"அழகா இருக்கு" என்றாள் குன்வோர். "அவுத்துடு."

"என்னது?"

"இருக்கற சிவப்பு பச்சையில எது உன் படகு விளக்கு, எது காகிதம்னு எதிர்ல வர்றவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? நீ போறியா வர்றியான்னே தெரியாது. மஞ்சளக் கட்டு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"விருந்தாளிங்க முன்னாடி மானத்த வாங்காத, குன்வோர். வருஷத்துல ஒரு நாள்."

"முட்டிக்கறதுக்கு ஒரு நாள் போதும்."

பட்டணத்துக்காரர்கள் சிரித்தார்கள். டோர்ஸ்டன் முகம் சிவந்தது. ஒவ்வொரு விளக்காக அவிழ்த்துப் படகின் அடியில் எறிந்தான். பெட்ரோல் போட்டுக்கொண்டான், நன்றி சொல்லாமல் போனான். அந்த வருடப் பரிசு ஒரு மீன்பிடிப் படகுக்குப் போயிற்று.

விழா முடிந்து குன்வோரும் ராக்னரும் தங்கள் பழைய மரப் படகில் வீடு திரும்பினார்கள். மீன் சூப் பானை ராக்னரின் மடியில். நீரிணை நடுவில் இடப்பக்கமிருந்து ஒரு படகு வந்தது. அதன் பச்சை விளக்கு தெளிவாகத் தெரிந்தது. டோர்ஸ்டனின் படகுதான்.

"அவன்தான் ஒதுங்கணும்" என்றாள் குன்வோர். முறைப்படி அது சரி. அவனுக்கு வலப்பக்கமிருந்து குறுக்கே போகிறவள் அவள். அவளுடைய சிவப்பைப் பார்த்ததும் அவன் விலகி வழிவிட வேண்டும்.

அவன் விலகவில்லை. நேராக அவள் போகும் பக்கமே திருப்பினான். குன்வோர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே எஞ்சினைப் பின்னோக்கி முடுக்கினாள். எதிர்ப் படகும் கடைசி நொடியில் சறுக்கித் திரும்பியது. இடையில் ஒரு துடுப்பின் நீளம்தான் இருந்திருக்கும். அலை ஏறி அடித்ததில் சூப் முழுவதும் ராக்னரின் கால்சட்டையில் கொட்டியது.

"குடிச்சிருக்கியா?" என்று கத்தினாள்.

டோர்ஸ்டன் படகை அருகே கொண்டுவந்தான். விருந்தாளிகளைக் கரையில் இறக்கிவிட்டுத் தனியாகத்தான் வந்திருந்தான். குரல் நடுங்கியது.

"எனக்கு உன் பச்சைதான் தெரிஞ்சுது. நீ வலப்பக்கமாப் போறேன்னு நெனச்சு, உன் பின்னால போகலாம்னு திருப்பினேன். நீயே எட்டிப் பாரு."

குன்வோர் படகின் மூக்குக்குப் போய்க் குனிந்தாள். அங்கே இருந்தது ஒற்றை விளக்கு, இரண்டு பக்கமும் கழற்றி மாட்டும் வண்ணக் கண்ணாடி. அவள் இடது கை ஓரம் பச்சை எரிந்தது. வலது கை ஓரம் சிவப்பு.

ஜூனில் அவள்தான் அந்தக் கண்ணாடிகளைக் கழற்றி உப்பைத் துடைத்தாள். துறையில் நின்றபடி, படகின் மூக்குக்கு எதிரே நின்று மாட்டினாள். எதிரே நிற்பவளின் இடது கை படகுக்கு வலது. எரிகிறதா என்று சுவிட்சைப் போட்டும் பார்த்தாள். அந்தப் பட்டப்பகல் போன்ற ராத்திரியில் பல்பு எரிந்ததுதான் தெரிந்தது. நிறம் எங்கே விழுகிறது என்று தெரியவில்லை. ஆகஸ்ட் முழுக்க ஊர்ப் படகுகளையெல்லாம் சோதித்தாள். தன் படகைச் சோதிக்க அவளுக்கு யாருமில்லை.



"சரி விடு" என்றான் டோர்ஸ்டன். குரல் இப்போது நிதானத்துக்கு வந்திருந்தது. "நான் வெளிய மூச்சு விட மாட்டேன். ராக்னருக்கு எப்படியும் பாதிதான் காதுல விழும். அடுத்த வருஷம் என் தோரணத்த மட்டும் நீ கண்டுக்காத. அவ்வளவுதான்."

குன்வோர் அன்று தூங்கவில்லை. வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய சட்டத்துக்கு அவள் வார்த்தையைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது. 'முதல்ல உன் படகப் பாரு' என்று ஒருவன் சொன்னால் போதும், அடுத்தவனும் சொல்வான். பிறகு யாரும் விளக்கைப் போட்டுக் காட்ட மாட்டார்கள், மறுபடியும் எவனாவது இருட்டில் பிளந்து கிடப்பான். வாயை மூடிக்கொண்டால் ஒரே ஒரு படகுக்கு மட்டும் கண்ணை மூடினால் போதும். ஆனால் அது பெரிய படகு, வேகமான படகு.

"என்ன பண்ணப் போற?" என்றான் ராக்னர், கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பி.

"நீ என்ன பண்ணுவ?"

"நான் வெளக்க மேசமேல வச்சுட்டுப் போனவன். என்னக் கேக்கற."

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டணம் திரும்பும் படகுகள் துறையில் வரிசையாக நின்றன. ஐஸ்கிரீம் வகைகள் எழுதும் கரும்பலகையை குன்வோர் துடைத்துவிட்டிருந்தாள். அதில் சுண்ணக்கட்டியால், பெரிய எழுத்தில்: 'நேற்று இரவு சிவப்பும் பச்சையும் மாறிப்போய் ஓடிய படகு: குன்வோருடையது. அந்தப் படகுக்குப் பெட்ரோல் கிடையாது.'

சிலர் சிரித்தார்கள். ஒருவன், "அப்ப இன்னிக்கு நாங்க காட்ட வேண்டாம்ல?" என்றான். குன்வோருக்குக் காது மடல் வரை சூடேறியது. ஆனாலும் குழாயை இறக்கவில்லை.

"தப்பு எனக்கே நடக்கும்னா உனக்கு நடக்காதா? போடு வெளக்க."

அவன் போட்டான். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகப் போட்டார்கள். சிரிப்பு அடங்கிவிட்டது.

விளக்கு சரியில்லாமல் மாட்டிக்கொண்டவர்களுக்கு அவள் வைத்திருந்த தண்டனை ஒன்று உண்டு. இருட்டிய பிறகு படகைக் கொண்டுவந்து, எரியவிட்டு, இன்னொருவர் கண்ணால் பார்த்துச் சரி என்று சொன்ன பின்புதான் பெட்ரோல். கண்ணாடிகளை அவள் அன்று காலையே மாற்றி மாட்டிவிட்டாள். ஆனாலும் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே. டோர்ஸ்டனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"பேரமெல்லாம் கிடையாது, நானே பலகையில எழுதிட்டேன். இருட்டினதும் வந்து பாரு."

வருவான் என்று ராக்னர் நம்பவில்லை. வந்தான். துறையின் நுனியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். குன்வோர் விளக்கைப் போட்டு, துடுப்பால் தள்ளிப் படகை மெதுவாக ஒரு சுற்று திருப்பினாள். சிவப்பு, பச்சை, பின்னால் வெள்ளை. அவன் தேவைக்கு மேலேயே நேரம் எடுத்துக்கொண்டான்.

"இன்னொரு தடவ."

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் திருப்பினாள்.

"சரியா இருக்கு" என்றான். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன். கடைசி நிமிஷத்துல உன் படகோட வெள்ளப் பலகை நிழலாட்டம் தெரிஞ்சுது. அதனாலதான் திருப்ப முடிஞ்சுது. அந்தத் தோரணம் கண்ணு முன்னாடி எரிஞ்சுட்டு இருந்திருந்தா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

குன்வோர் படகைத் துறையோடு ஒட்டினாள். கயிற்றை எறிந்தாள். அவன் பிடித்துக் கட்டிவிட்டு, பெட்ரோல் குழாயை எடுத்து அவள் படகுக்குள் இறக்கினான்.