செல்லம்மா படிக்காமல் ஊற்றிய பாட்டில்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் செல்லம்மா என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்தது அதுவல்ல. பதினெட்டு வருஷமாகப் புற்றுநோய் செல்களைக் கிண்ணங்களில் வளர்த்துத் தருவது அவள் வேலை. செல்லுக்கு அம்மா, ஆகவே செல்லம்மா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பழைய ஊட்டத் திரவத்தை உறிஞ்சியெடுத்துவிட்டுப் புதிது ஊற்றுவாள்.

"உன் பிள்ளைங்க எப்படி இருக்காங்க?" என்று வீட்டுக்காரர் கேட்பார்.

"கொழுகொழுன்னு இருக்குதுங்க. நாளைக்குச் சாகக் குடுக்கணும்."

சாகடிப்பது ஓர் ஆராய்ச்சி மாணவி. ஒரு மரப்பட்டையிலிருந்து பிரித்த மஞ்சள் நிறப் பொடி, பெராக்சைடு போன்ற முரட்டு ஆக்சிஜன் பொருள்களைப் பெருக்கிவிட்டுப் புற்று செல்லைக் கொல்கிறது என்பது அவள் கட்சி. மூன்று முறை செல்கள் சொன்ன பேச்சுக் கேட்டுச் செத்தன. நாலாம் முறை ஒன்றுகூட அசைந்து கொடுக்கவில்லை. இரண்டு வருஷ உழைப்பு போச்சே என்று மாணவி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

செல்லம்மா குளிர்பெட்டியைத் திறந்து ஊட்டத் திரவப் பாட்டிலை எடுத்துப் பார்த்தாள். அதே மூடி, அதே சிவப்புத் திரவம். லேபிளின் ஓரத்தில் மட்டும் பொடி எழுத்தில் ஒரு பொருள் கூடுதலாக இருந்தது: பைருவேட். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பாட்டிலோடு போய் நின்றாள்.

"தப்பு என்மேலம்மா. புதுசா வந்த பாட்டிலைப் படிச்சுப் பாக்காம ஊத்திட்டேன்."

மாணவி லேபிளைப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். நாற்காலி பின்னால் உருண்டு போகும்படி எழுந்தாள்.

"அக்கா! பைருவேட் பெராக்சைடை விழுங்கிடும். அதனாலதான் இதுங்க பொழைச்சிருக்கு. அப்படின்னா, அன்னைக்குக் கொன்னது பெராக்சைடுதான்க்கா!"

அந்த வாரம் முழுக்க இருவரும் இரண்டு வகைத் திரவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் மஞ்சள் பொடியைப் போட்டுச் சோதித்தார்கள். பைருவேட் இருந்த கிண்ணங்களில் செல்கள் ஜம்மென்று இருந்தன. இல்லாத கிண்ணங்களில் சுருண்டு மிதந்தன.

மாணவியின் ஆராய்ச்சிக் கட்டுரை அச்சானபோது நன்றி சொல்லும் வரியில் செல்லம்மாவின் நிஜப் பெயர் இருந்தது. வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அப்போ அந்தப் பட்டையைக் கொதிக்க வச்சு நாமளும் குடிக்கலாமா?"

"ஆசையைப் பாரு! கிண்ணத்துல கொல்றது சுலபம்ங்க. மனுஷ உடம்புக்குள்ள என்ன பண்ணும்னு இன்னும் யாருக்கும் தெரியாது. பேசாம வெந்நீர் குடிங்க."

அவர் வெந்நீரைக் குடித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டுவதற்காகக் கட்டுரையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகாதீர்கள் என்று செல்லம்மா சொல்லவில்லை.