நான்கு தொட்டிகளும் இருபது நொடிகளும்

சோப்புத் தொழிற்சாலையின் மணச் சோதனை அறையில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றிய அவரை உடன் வேலை செய்தவர்கள் மூக்கக்கா என்றே அழைத்தனர். கிண்டலாகச் சூட்டப்பட்ட பெயர்தான். எனினும் ஒருமுறை கதவைத் திறந்த மாத்திரத்தில், "எலுமிச்சை எண்ணெய் பழசாயிடுச்சு, நிறுத்துங்க" என்று சொல்லி ஒரு நாள் உற்பத்தியையே அவர் காப்பாற்றிய பிறகு, அந்தப் பெயர் மரியாதைக்குரியதாயிற்று.

பனிக்காலத்தின் இறுதி வாரத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. நான்கு நாள்களில் அது நீங்கிற்று. நீங்கும்போது மணத்தையும் உடன் கொண்டுபோயிற்று. அடுப்பில் பால் தீய்ந்து வீடெங்கும் நாற்றம் பரவிய காலையில், அடுத்த அறையில் அமர்ந்து அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தவள் தங்கை.

மூக்குக்கும் பயிற்சி உண்டு என்றார் மருத்துவர். நான்கு மணங்களைத் தேர்ந்துகொண்டு, காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் இருபது நொடி முகர வேண்டும். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். தொழிற்சாலை மூன்று மாத விடுப்பு அளித்தது. அதன் முடிவில் ஒரு சோதனை. தேறினால் பழைய நாற்காலி. இல்லையேல் பொட்டலம் கட்டும் பிரிவு.

அவர் நான்கு செடிகளை வாங்கி மேற்குப் பக்கத்துத் திறந்த மாடத்தில் வைத்தார். அறையின் வாசலிலிருந்து வரிசையாகப் புதினா, துளசி, கற்பூரவல்லி, கடைசியில் எலுமிச்சைப்புல். கோடையின் முதல் வெயில் பிற்பகல் மூன்று மணிக்கு மாடத்தில் ஏறும். அதற்குள் புதினாவை நிழலுக்கு நகர்த்துவார்; வெயில் தணிந்ததும் பழைய இடத்தில் வைப்பார். காலை ஏழு மணிக்கு முன், விரலின் முதல் கணு அளவு மண்ணைத் தொட்டுப் பார்த்த பின்னரே நீர் விடுவார். கற்பூரவல்லிக்கு மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்; மிகுந்தால் தண்டு அழுகும். துளசியில் பூக்கதிர் தலைகாட்டியவுடன் கிள்ளிவிடுவார். இலைக்குரிய வலுவைப் பூ தின்றுவிடும்.

முகர்ந்த பின், எத்தனை மணம் தெரிந்தது என்று நாள்காட்டியில் ஓர் எண் எழுதுவார். தொண்ணூறு நாள்களில் எழுபத்தொன்பது கடந்தன. எல்லாம் சுழி.

அவர் அழவில்லை, யாரையும் நோகவுமில்லை. உணவை உண்டார், கேட்டதற்கு விடை சொன்னார். மூக்கோடு சேர்ந்து உள்ளே வேறெதுவோ மரத்திருந்தது. அதைக் குறித்தும் அவருக்குக் கவலை தோன்றவில்லை.

எண்பதாம் நாள் மாலை தங்கை ஒரு துண்டோடு வந்தாள்.

"கண்ணைக் கட்டிக்கோக்கா. இன்னைக்குப் பரீட்சை."

"என்னத்துக்குடி இதெல்லாம்?"

"நீ ஊரு சோப்பையெல்லாம் பரீட்சை பண்ணினல்ல? இப்ப உன் முறை. பேசாம உக்காரு."

மாடத்து வாசலருகே நாற்காலியில் அக்கா அமர்ந்தார். தங்கையின் செருப்பு நான்கு முறை தட்டி நின்றது. கத்தரிக்கோல் நறுக்கென்றது. முகத்தருகே ஏதோ வந்தது.

"எலுமிச்சைப்புல்" என்றார்.

"ஐயோ, சரி! அடுத்தது."

செருப்பு ஒரே முறை தட்டியது. "புதினா." பிறகு மூன்று தட்டு, சதைப்பற்றுள்ள காம்பு ஒடிகிற ஓசை. "கற்பூரவல்லி." மிஞ்சியதைச் சொல்லத் தயங்க வேண்டியதே இல்லை.

தங்கை துள்ளினாள். "வந்துடுச்சு! என்னங்க, ஓடி வாங்க, அக்காவுக்கு மூக்கு வந்துடுச்சு!"

அவள் கணவர் மாடிப்படியிலிருந்தே குரல் கொடுத்தார். "அப்ப இனிமே நான் குளிக்காம உங்க வீட்டுப் பக்கம் வர முடியாது, அப்படித்தானேக்கா?"

அக்கா துண்டை அவிழ்த்து மடித்தார். காது கேட்டதை வாய் சொல்லிவிட்டது, அவ்வளவே. மறுத்துச் சொல்ல நினைத்தார். ஆனால் சொல்வதற்கு எழ வேண்டிய ஏதோ ஒன்று எழவில்லை. அன்றைய கட்டத்தில் சுழியை எழுதினார். அதற்குள் தங்கை தொழிற்சாலை மேலாளரைத் தொலைபேசியில் அழைத்துவிட்டாள். திங்கட்கிழமையே சோதனை என்று முடிவாயிற்று.

பழைய நாற்காலியில் பழைய தலையணை அப்படியே இருந்தது. மேசைமீது மண எண்ணெய்களில் தோய்த்த பத்துக் காகிதப் பட்டைகள், எண்கள் மட்டும் இட்டு வைக்கப்பட்டிருந்தன. முதற்பட்டையை எடுத்தார். மணமில்லை. ஆனால் கண் இருந்தது. கிராம்பெண்ணெய் காகிதத்தில் பழுப்பேறும். எலுமிச்சை கறையே விடாமல் உலரும். சந்தனம் மெல்லப் பரவி விளிம்பில் வளையமிடும். இருபத்தாறு ஆண்டுகளில் இவற்றைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர் அவர். பத்தில் ஏழேனும் முகராமலே எழுதிவிட முடியும். தேற ஏழு போதும்.

பழுப்பேறிய பட்டையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பத்து இடங்களிலும் "தெரியவில்லை" என்று ஒரே கையெழுத்தில் எழுதினார்.

மேலாளர் தாளை இரண்டு முறை படித்தார். "மூக்கு வந்துடுச்சுன்னு உங்க தங்கச்சி சொன்னாங்களே?"

"அவ செருப்புச் சத்தத்தை வச்சுச் சொன்னேன் சார். தெரியாமத்தான் சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் சும்மா இருந்தது என் தப்பு."

"ரெண்டு மூணாவது ஊகிச்சிருக்கலாமேக்கா. நானும் கண்டுக்காம விட்டிருப்பேன்."

"ஊகிச்சு உக்கார்றதுக்கு நான் எதுக்கு சார் இந்த நாற்காலியில? கெட்டுப்போன எண்ணெய் நாளைக்கு வந்தா நானே நல்லாருக்குன்னு அனுப்பிடுவேன்."

மறுநாளிலிருந்து பொட்டலப் பிரிவு என்று மேலாளர் எழுதிக் கொடுத்தார். புறப்படும்போது அக்கா தலையணையை எடுத்துக்கொண்டார், அது அவருடையது.

வீட்டில் தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவள் முகம் சுருங்கியது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? நான் ஊரெல்லாம் தண்டோரா போட்டுட்டேன்."

"நீ குதிச்சுட்ட. அப்புறம் சொல்லணும்னு தோணல."

"தோணலையாம்! நான் லூசு மாதிரி செருப்ப மாட்டிக்கிட்டு ஆடியிருக்கேன்."

தங்கை சிறிது நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். அக்கா கைகால் கழுவி வருவதற்குள், ஒரே மாதிரியான நான்கு கிண்ணங்களில் இலைகளை முன்கூட்டியே கிள்ளிப்போட்டு, வரிசையைக் கலைத்து மேசையில் அடுக்கியிருந்தாள். கையில் துண்டு.

"உக்காரு. இந்தத் தடவை உன் காதுக்கு வேலை இல்ல."

அவர் அமர்ந்தார். முதற்கிண்ணம் வந்தது. தங்கை வாய்க்குள்ளாகவே இருபது வரை எண்ணினாள்.

"தெரியல" என்றார் அக்கா.

இரண்டாவது. "தெரியல."

மூன்றாவது, நான்காவது. தங்கை நாள்காட்டியில் சுழியை எழுதினாள். அவள் கை பழகாததால் அது சற்றுப் பெரிதாக விழுந்தது.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா மாடத்துக்குச் சென்று புதினாவைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார். துளசியில் புதிதாக ஒரு கதிர் வந்திருந்தது. அதைக் கிள்ளி, வழக்கப்படி மூக்கருகே பிடித்து, இருபது எண்ணினார்.