கறுக்காத விரல்கள்

எனக்குத் துவக்குத் தோட்டா நிரப்பத் தெரியும் என்பது ரொறொன்ரோவில் இரண்டே பேருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒருவர் என் கணவர், மற்றவர் எங்கள் வீட்டுக்காரர். மற்றவர்களுக்கு நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவுகிறவள், வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் பார்க்டேலில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரர் தனியாக இருந்தார். போலந்திலிருந்து வந்தவர், மனைவியை இழந்தவர், அறுபதைத் தாண்டியவர். அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனாலோ என்னவோ எங்களுக்குள் ஒத்துப்போனது.

அவரிடம் தகப்பன் காலத்து இரட்டைக் குழல் துவக்கு ஒன்று இருந்தது. இரும்பை முறுக்கி அடித்துச் செய்த குழல், மேலே வரிவரியாகத் தெரியும். கடையில் விற்கிற தோட்டா அதற்கு ஆகாது என்று ஒருமுறை சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பித்தளைத் தோட்டாக்களில் கரிமருந்தை, அந்தப் பழைய காலத்துக் கறுப்பு வெடிமருந்தை, அவரே நிரப்பி, இலையுதிர் காலத்தில் சனிக்கிழமைகளில் அஜக்ஸ் பக்கத்துச் சதுப்புக்குக் காட்டு வாத்து, எங்கள் பேச்சில் தாரா, சுடப் போவார்.

உடுப்புத் தோய்க்க பேஸ்மென்றுக்கு இறங்கிய ஒரு நாள் அவர் நிரப்புவதைப் பார்த்தேன். மூட்டுவாதத்தில் விரல் மடங்காமல், மருந்து பாதி தோட்டாவுக்குள்ளும் பாதி மேசையிலுமாகக் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு மருந்து அளக்கிற சின்னச் சுண்டுக் கோப்பையை வாங்கினேன். வன்னியில் என்னைப் பெத்த ஐயாவின் வயலுக்குப் பன்றி வரும். தோட்டா நிரப்புவது என் வேலை. அடியில் பொறி தட்டும் கேப் ஒன்றை இறுக்கி, ஒரு சுண்டு மருந்து, மேலே அட்டைத் தக்கை, பிறகு அதே சுண்டால் ஈயச் சன்னம், இன்னொரு தக்கை, விளிம்பில் மெழுகு. மருந்து எவ்வளவோ சன்னமும் அவ்வளவு. மனுசன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. எனக்கும் பெருமைதான். அந்த ஊரில் என்னிடம் யாரும் ஒரு வேலையைக் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை.

கரிமருந்து தொட்டால் விரல் கறுத்துவிடும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கிடக்கும். ஆஸ்பத்திரியில் மேற்பார்வைக்காரி என் நகத்தைப் பார்த்து முகம் சுளிப்பாள். அடுப்படிக் கரி என்று சொல்லிச் சமாளிப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து பேஸ்மென்றுக்கு இறங்கினேன். இருபத்தைந்து தோட்டா கேட்டிருந்தார். பன்னிரண்டு நிரப்பியதும் மருந்துத் தகரப் பேணி காலியாகிவிட்டது. அவர் வெளியே போயிருந்தார். குறை வேலை எனக்குப் பிடிக்காது. மேலே தட்டில் ஒரு கோப்பிப் போத்தல் நிறைய மருந்து இருந்தது. வோபர்னில் இருக்கிற அவருடைய மருமகன் தன் புதுத் துவக்குக்கு நிரப்ப வைத்திருந்தது. எடுத்துத் திறந்தேன். கறுப்புத்தான், ஆனால் மணியாக இல்லாமல் தட்டைத் தட்டையாக இருந்தது. அதே சுண்டால் அளந்தேன். மீதிப் பதின்மூன்றையும் முடித்துவிட்டு விரலைப் பார்த்தால், விரல் கறுக்கவே இல்லை.

அப்போது எனக்கு வந்தது சந்தோசம். ஊர்க் கறுப்புச் சர்க்கரைக்கும் இங்கத்தை வெள்ளைச் சீனிக்கும் உள்ள வித்தியாசம்தான் இதுவும் என்று நினைத்தேன். கனடாச் சாமான் அல்லவா, கரியைக்கூடச் சுத்தப்படுத்தித்தான் விற்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். இன்னொரு சாதி மருந்து உலகத்தில் இருக்கும் என்று நினைக்க எனக்கு என்ன வந்தது? இருபத்தைந்தையும் ஒரே பைக்குள் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் படியேறினேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் காரை எடுத்துக்கொண்டு போனார். பதினொரு மணிக்கு நான் மேசையைத் துடைக்கக் கீழே போனேன். சிந்திய மருந்தைக் குப்பையில் போடக்கூடாது என்பது ஐயாவின் கண்டிப்பு. கூட்டி எடுத்து எரித்துவிட வேண்டும். முதல் பன்னிரண்டில் சிந்தியதை நேற்றே எரித்திருந்தேன். மிச்சத்தை ஒரு பழைய சாம்பல் தட்டில் போட்டுத் தீக்குச்சியைக் காட்டினேன். கரிமருந்து என்றால் புஸ்ஸென்று ஒரே மூச்சில் போய், வெள்ளைப் புகை எழும்பி, கூழ்முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். இது நின்று எரிந்தது. மஞ்சள் சுவாலையாக, ஆறுதலாக. புகையும் இல்லை, நாற்றமும் இல்லை.

கடைத் தோட்டா ஆகாது என்று அவர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு ஏறியது. வேறு மருந்து. கடைத் தோட்டாவுக்குள் இருப்பதும் இதுவாகத்தான் இருக்கும், பழைய இரும்பு தாங்காது. என்ன பலமோ தெரியாது. அதைக் கரிமருந்தின் அளவுக்கு, சுண்டு நிறைய, அந்தக் கிழட்டுக் குழலுக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன்.

ஓடிப்போய் ரெலிபோனை எடுத்தேன். மருமகன் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அடுத்ததாகப் பொலிசைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். சதுப்பு எங்கே என்று எனக்குத் தெரியும், காரின் நிறம் தெரியும். நான் கூப்பிட்டது கணவரை. ஓவர்டைமுக்குப் போயிருந்தவரைத் தொழிற்சாலைக்காரர் கூட்டிவர எவ்வளவு நேரம் எடுத்ததோ. நான் அழுது அழுது சொன்னேன். அவர் சொன்னது இதுதான்:

"பொலிசுக்குச் சொன்னால் ஆர் நிரப்பினது எண்டு கேப்பான். எங்கட பேப்பர் இன்னும் வரேல்லை. தெரியும்தானே? பொத்திக்கொண்டு இரு, ஒண்டும் நடவாது."

அவரைப் பிறகு பல வருடம் திட்டியிருக்கிறேன். அது நியாயமில்லை. அவர் இருந்தது தொழிற்சாலையில், ரெலிபோன் இருந்தது என் கையில். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எனக்கும்தான் இருந்தது. மூன்று வருடம் காத்திருந்த குடிவரவுப் பேப்பர். தாரா வராது, வந்தாலும் நல்ல பன்னிரண்டில் ஒன்றுதான் கைக்கு வரும் என்று மனசு கணக்குப் போட்டது. நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்தேன். அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு யன்னலடியில் நின்றேன். சோறு குழைந்து போனது.

பின்னேரம் ஏழு மணிபோல மருமகனின் கார் வந்து நின்றது. வீட்டுக்காரர் இறங்கினார். உயிரோடு வந்துவிட்டார் என்று படியிறங்கி ஓடினேன். அதற்குப் பிறகுதான் இடக்கையைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் வெள்ளைக் கட்டு. குழல் வெடித்துக் குழலைத் தாங்கிய கையில் இரண்டு விரலைக் கொண்டுபோய்விட்டது என்று மருமகன் சொன்னான். சொல்லிவிட்டு மாத்திரை வாங்கப் போனான்.

கிழவர் படிக்கட்டில் இருந்துவிட்டார். தோட்டாப் பையைத் தரச்சொல்லிக் கேட்டேன். தந்தார். இனி யாரும் எடுக்கக்கூடாது என்று அதைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் என்னைத் தேற்றத் தொடங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் பொலிஸ் வந்து விசாரித்ததாம். தோட்டா எல்லாம் தானே நிரப்பியதாகச் சொல்லிவிட்டாராம். எங்கள் பேப்பர் இன்னும் வரவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"உன்ர தோட்டாவில பிழை இல்லை, மகள்" என்றார், அந்த அரைகுறை இங்கிலீஷில். "இரும்புதான் கிழண்டிப் போச்சு."

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. வெளியே வந்தது ஒரு கேள்விதான். எத்தனை மணிக்கு வெடித்தது என்று கேட்டேன்.

நெடுநேரம் ஒரு தாராவும் வரவில்லையாம். முதல் வெடியே அதுதானாம். "மூண்டு மணி" என்றார். "ஏன்?"

நான் பதினொரு மணிக்கே அறிந்தவள். சும்மா கேட்டேன் என்று சொன்னேன்.

மேலே போய்க் குழைந்த சோற்றில் பருப்பை விட்டுப் பிசைந்து, ஒரு கரண்டியோடு அவருக்குக் கொண்டுவந்தேன். கோப்பையைப் பிடிக்க அவருடைய மற்றக் கை உதவாது. சாப்பிட்டு முடியும் வரைக்கும் நான் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவர் நன்றி என்றார்.